கோலமும் கிராஃப் தாளும்: வெக்டார் டிசைனையும் போட்டோ எடிட்டிங்கையும் ஒரே வேலையில் சேர்ப்பது எப்படி

சேலத்தில் டிடிபி சென்டர்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் அடிக்கடி காதில் விழும் மூன்று பேச்சுகள் உண்டு. "கோரல்டிராவுல பண்ணா ஷார்ப்பா வரும், போட்டோஷாப்புல பண்ணா உடையும்." "அந்த ஜேபெக்கை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க, வெக்டார் ஆகிடும்." "டிபிஐயை 300னு மாத்துங்க, கிளியராகிடும்."

கோரல்டிரா கோடும் எழுத்தும் வரையும் மென்பொருள், போட்டோஷாப் போட்டோ திருத்தும் மென்பொருள். முதல் பேச்சு பாதி உண்மை. மற்ற இரண்டும் முழுத் தவறு. இந்தத் தவறுக்குக் கொடுக்கும் விலையும் சின்னதில்லை. மாம்பழ சீசன் தொடங்கும் நேரத்தில் ஆயிரம் லேபிள் அச்சாகி வந்த பிறகு கடைப் பெயர் பல் பல்லாகத் தெரிந்தால், திரும்ப அடிக்கக் காசும் இருக்காது, நாளும் இருக்காது. குழப்பம் எந்த மென்பொருள் நல்லது என்பதில் இல்லை. மென்பொருளுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் என்ன வகை என்று பார்க்காமல் விடுவதில்தான் இருக்கிறது.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். மல்கோவா மாம்பழப் பரிசுப் பெட்டி. மூடியில் ஒட்ட 10 அங்குல அகலம், 7 அங்குல உயரத்தில் ஒரு லேபிள். அதே டிசைனில் கடை வாசலுக்கு 8 அடிக்கு 4 அடி ஃபிளெக்ஸ். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம். லேபிளில் மாம்பழத்தின் போட்டோ, கடைப் பெயர், சின்னம், ஓரத்தில் கோல பார்டர். கட்டுரை முழுக்க இந்தப் பெட்டியோடுதான் போகப் போகிறோம்.

படத்தில் இரண்டு ஜாதி

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர் மனத்தில் வைத்திருப்பது படத்தை இல்லை, விதியை. "ஏழு புள்ளி, ஏழு வரிசை, நேர்ப்புள்ளி, இந்தப் புள்ளியைச் சுற்றி வளைத்து அடுத்ததற்குப் போ." புள்ளிக்குப் புள்ளி ஓர் அங்குலம் விட்டாலும் அதே கோலம், ஓர் அடி விட்டாலும் அதே கோலம். பெரிதாக்கினால் கோடு உடைவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் விதியிலிருந்து புதிதாகப் போடுகிறோம்.

அம்மாபேட்டைப் பக்கம் பட்டுத் தறி வீடுகளுக்குப் போனால் வேறு வகைப் படம் இருக்கும். ஜக்கார்டுக்கான (தறியில் புட்டா நெய்யும் பொறிக்கான) டிசைனைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். ஒரு கட்டம் என்பது பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம். கட்டம் நிரம்பியிருந்தால் ஒரு நிறம், காலியாக இருந்தால் இன்னொரு நிறம். 60 கட்டம் அகலமுள்ள மாங்காய் புட்டாவை 120 கட்டத்துக்குப் பெரிதாக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு கட்டத்தையும் நான்காக்க வேண்டியதுதான். மாங்காயின் வளைவில் இருந்த சின்னப் படிக்கட்டு அப்போது பெரிய படிக்கட்டாகும். இல்லாத நுணுக்கம் எங்கிருந்து வரும்?

கோல வகைப் படத்துக்கு வெக்டார் என்று பெயர்: புள்ளிகள், அவற்றை இணைக்கும் வளைவுகள், நிரப்பும் நிறம் ஆகியவற்றை விதியாகச் சேமிக்கும் படம். கிராஃப் தாள் வகைக்கு ராஸ்டர் என்று பெயர். பேச்சு வழக்கில் பிட்மேப் என்பார்கள். அதன் ஒரு கட்டம்தான் பிக்சல்.

எது எதற்கு என்பது இங்கேயே விளங்கிவிடும். மாம்பழத் தோலில் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகும் மாற்றம், காம்புப் பக்கத்துப் பால் கறை, கரும்புள்ளிகள் இவற்றையெல்லாம் விதியாக எழுத முடியாது. கட்டம் கட்டமாகத்தான் பிடிக்க முடியும். கடைப் பெயரையும் கோல பார்டரையும் கட்டமாக்குவது, கையில் விதி இருக்கும்போதே அதைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

மலைப்பாதையில் ஒரு பாடம்

வெக்டார் வளைவு கணினிக்குள் எப்படி நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தப் பாதையை ஒருவருக்கு வரைந்து காட்ட அடிக்கு ஒரு கல் நடத் தேவையில்லை. எந்த இடத்தில் வளைவு தொடங்குகிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எங்கே முடிகிறது என்றால் போதும்.

வெக்டார் வளைவும் அப்படித்தான். ஒரு துண்டுக்கு நான்கு புள்ளிகள். முதலும் கடைசியும் வளைவின் மேலேயே இருக்கும். இவற்றை நோடு என்கிறோம். நடு இரண்டும் வளைவுக்கு வெளியே நின்று அதைத் தம் பக்கம் இழுக்கும், இவை கைப்பிடிகள். நான்கையும் வரிசையாகக் கோட்டால் இணைத்தால் மூன்று கோடுகள். அந்த மூன்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. அதன் நடுப்புள்ளி, வளைவின் சரியான நடு இடம். நடுவுக்குப் பதில் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று எடுத்தால் வளைவின் மற்ற இடங்களும் கிடைக்கும். இவ்வளவுதான் கணக்கு. இது ஓவியர்களுக்காகப் பிறந்ததுமில்லை. பிரான்சில் சிட்ரோன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்யோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெஸியேயும் கார் உடலின் வளைவுகளைக் கணக்கில் பிடிக்கத் தனித்தனியாக உருவாக்கியது. பெஸியே வளைவு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

நான்கு புள்ளிகளையும் பத்து மடங்கு தள்ளி வைத்தால் வளைவு பத்து மடங்கு பெரிதாகும். தெளிவு இம்மியும் குறையாது. 8 அடி ஃபிளெக்ஸுக்கு லேபிளின் சின்னத்தையே எடுத்துப் போட முடிவது இதனால்தான்.

இதுவரை பார்த்தது: வெக்டார் விதியைச் சேமிக்கிறது, ராஸ்டர் கட்டங்களைச் சேமிக்கிறது. விதியிலிருந்து எந்த அளவிலும் கட்டம் தயாரிக்கலாம். கட்டத்திலிருந்து விதியை எடுப்பது ஊகம் மட்டுமே.

பிக்சல் கணக்கு: பெருக்கல், வகுத்தல் போதும்

போட்டோவுக்கு உள்ளே இருப்பது பிக்சல் எண்ணிக்கை மட்டும்தான். 12 மெகாபிக்சல் போன் படம் என்றால் பெரும்பாலும் 4000க்கு 3000. அது எத்தனை அங்குலம் என்று படத்துக்குத் தெரியாது. நாம் எந்த அகலத்தில் வைக்கிறோமோ அதைப் பொறுத்தது. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் வந்து நிற்கிறது என்ற எண்ணுக்கு பிபிஐ என்று பெயர். கடைகளில் இதையே டிபிஐ என்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் டிபிஐ என்பது அச்சு இயந்திரம் வைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. இரண்டும் வேறு என்பது சற்று நேரத்தில் முக்கியமாகப் போகிறது.

நம் போட்டோவில் மாம்பழம் மட்டும் 3000 பிக்சல் அகலம் இருக்கிறது என்று வைப்போம். லேபிளில் 6 அங்குல அகலத்தில் வைத்தால் 3000ஐ 6ஆல் வகுத்து 500 பிபிஐ. ஆஃப்செட் அச்சுக்கு 300 போதும், தாராளமாக இருக்கிறது. ஃபிளெக்ஸில் அதே பழத்தை 40 அங்குல அகலத்தில் வைத்தால் 75 பிபிஐ. ஃபிளெக்ஸைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பார்கள் என்பதால் 72 பிபிஐ அளவே வழக்கம். ஆக இதுவும் தேறும். ஒரே மாஸ்டர் போட்டோ இரண்டுக்கும் போதுமானது.

அதே போட்டோ வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்திருந்தால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கியிருக்கும். பழத்தின் பங்கு 1200. லேபிளில் 200 பிபிஐ, ஃபிளெக்ஸில் 30 பிபிஐ. லேபிளில் கொஞ்சம் மென்மையாக, ஃபிளெக்ஸில் கிட்டே போனால் கட்டமாகத் தெரியும். வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க." டாக்குமெண்டாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும்.

இப்போது "300னு மாத்துங்க" என்பதற்கு வருவோம். போட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்தால் ரீசாம்பிள் என்று ஒரு டிக் இருக்கும். டிக்கை எடுத்துவிட்டு 300 என்று போட்டால் பிக்சல் ஒன்றுகூட மாறாது. அங்குலம் மட்டும் சுருங்கிக் காட்டும். டிக் இருக்கும்போது 300 என்று போட்டால், அக்கம்பக்கத்து நிறங்களைப் பார்த்து நடுவில் புதிய பிக்சல்களை மென்பொருள் இட்டு நிரப்பும். எண் 300 ஆகும், நுணுக்கம் 30லேயே நிற்கும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதே இரண்டும் பிரிண்ட் சைஸ், ஸ்கேல் இமேஜ் என்று தனித்தனி இடங்களில் இருப்பதால் குழப்பம் குறைவு.

எழுத்து ஏன் வெக்டாராகவே அச்சகம் போக வேண்டும்

பலர் கேட்கும் நியாயமான கேள்வி இது: "கடைசியில் எல்லாமே புள்ளியாகத்தானே அச்சாகிறது? அப்புறம் வெக்டார் என்ன, பிக்சல் என்ன?"

உண்மைதான், எல்லாம் புள்ளியாகத்தான் முடிகிறது. ஆனால் யார் புள்ளியாக்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அச்சகத்தில் பிளேட் (மை ஏற்றி அச்சடிக்கும் தகடு) எடுப்பதற்கு முன் பிடிஎஃப்பைப் படித்துப் புள்ளிகளாக்கும் மென்பொருளுக்கு ரிப் என்று பெயர். அது அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் போன்ற மிக நுண்ணிய வலையில் வேலை செய்கிறது. கடைப் பெயர் வெக்டாராக வந்தால், ரிப் அதன் விதியைப் படித்து 2400 நுணுக்கத்தில் ஓரத்தை வெட்டும். கண்ணுக்கு அது கத்தியால் வெட்டியது போல இருக்கும்.

போட்டோவுக்கு நடப்பது வேறு. அச்சு மை பாதி அடர்த்தியில் விழாது. ஒன்று விழும், இல்லை விழாது. அதனால் இளமஞ்சளைக் காட்ட, சின்னச் சின்ன மைப்பொட்டுகளாகப் பிரித்து அடிக்கிறார்கள். இந்தப் பொட்டு வலைக்கு ஹாஃப்டோன் என்று பெயர். நல்ல தாளில் அங்குலத்துக்கு 150 வரிசை என்பது வழக்கமான அளவு. 2400ஐ 150ஆல் வகுத்தால் 16. ஒவ்வொரு மைப்பொட்டும் 16க்கு 16 நுண்புள்ளிகள் கொண்ட ஒரு சிறு சதுரத்துக்குள் வளர்கிறது, தேய்கிறது. ஒரு வரிசைக்கு இரண்டு பிக்சல் கொடுத்தால் போதும் என்ற கணக்கில்தான் 300 பிபிஐ வந்தது. போட்டோவுக்கு அதற்கு மேல் கொடுத்தாலும் பெரிதாகப் பலன் இல்லை.

இப்போது கடைப் பெயரை போட்டோவோடு சேர்த்து 300 பிபிஐ ஜேபெக்காக்கி அனுப்பினால் என்ன ஆகும்? 2400இல் வெட்டப்பட வேண்டிய ஓரம் 300இல் நின்றுவிடும். ஒரு பிக்சலுக்கு எட்டு நுண்புள்ளி அகலம். போதாததற்கு, திரையில் வழுவழுப்பாகத் தெரிவதற்காக எழுத்தின் ஓரத்தில் மென்பொருள் வைத்த சாம்பல் நிறப் பிக்சல்களையும் ரிப் மைப்பொட்டுகளாக உடைக்கும். "பல் பல்லா இருக்கு" என்று வாடிக்கையாளர் சொல்வது இதைத்தான். திரையில் பார்த்தபோது இது தெரிந்திருக்காது.

முதல் பேச்சு ஏன் பாதி உண்மை என்பதும் இங்கே தெளியும். போட்டோஷாப்பில் தட்டிய எழுத்தும் உள்ளே வெக்டார்தான். லேயர்களை, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய படலங்களை, தட்டையாக்காமல் போட்டோஷாப் பிடிஎஃப்பாகச் சேமித்தால் வெக்டாராகவே போகும். ஜேபெக் ஆக்கும் நொடியில்தான் அது கட்டமாகிறது. எதிர்ப்பக்கமும் அப்படியே: கோரல்டிராவுக்குள் இறக்கிய ஜேபெக், கோரல்டிராவுக்குள் இருக்கும் ஜேபெக்தான். பிடிஎஃப், ஏஐ, சிடிஆர், இபிஎஸ் என்ற கோப்பு வகைகள் எல்லாம் பை மாதிரி. பையில் என்ன போட்டோமோ அதுதான் உள்ளே இருக்கும்.

இதுவரை பார்த்தது: போட்டோ 300இல் திருப்தியடையும், எழுத்தும் கோடும் 2400ஐப் பயன்படுத்திக்கொள்ளும். இரண்டையும் ஒரே கட்ட வலையில் போட்டுவிட்டால் எழுத்துக்குத்தான் நட்டம்.

எது வீடு, எது விருந்தாளி

இரண்டு மென்பொருளையும் சேர்த்து வேலை செய்வது என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி எக்ஸ்போர்ட் செய்வது இல்லை. முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த வேலைக்கு எந்தக் கோப்பு வீடு என்பதை. மற்றது அதற்குள் விருந்தாளியாக, தன் இயல்போடு வந்து தங்கும்.

எழுத்து அதிகம், அச்சுக்குப் போகிறது, பல அளவில் வேண்டும் என்றால் வெக்டார் கோப்புதான் வீடு. லேபிள், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், காபித் தூள் பாக்கெட் எல்லாம் இதில் சேரும். திரைக்கு மட்டும், படம்தான் உயிர், எழுத்து இரண்டு வரி என்றால் போட்டோ மென்பொருள் வீடாகலாம். வெக்டாருக்கு இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இலவசமாக இன்க்ஸ்கேப். போட்டோவுக்கு போட்டோஷாப், இலவசமாக கிம்ப். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று, எந்த ஜோடியும் ஓடும்.

நம் பெட்டிக்கு வீடு வெக்டார்.

மாம்பழத்தைப் பிரித்தெடுத்தல்

போட்டோ மென்பொருளில் முதல் காரியம் மூலக் கோப்பை நகலெடுத்து வைப்பது. அடுத்து நிறம், வெளிச்சம். அதன் பிறகு பின்னணியை நீக்கும் வேலை. இங்கே அழிப்பானை எடுக்காதீர்கள். அழித்த பிக்சல் போனது போனதுதான். லேயர் மாஸ்க் என்பது படத்தின் மேல் விரிக்கும் கறுப்பு வெள்ளைத் திரை. கறுப்பு இருக்கும் இடம் மறையும், வெள்ளை இருக்கும் இடம் தெரியும். தவறினால் வெள்ளையால் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

மாஸ்க்கின் விளிம்பை பென் டூலால் வரைவது சிறந்தது. போட்டோ மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் வெக்டார் கருவி அது; நாம் பார்த்த அதே நான்கு புள்ளிக் கணக்கு. ஒரு மல்கோவாவைச் சுற்ற பத்துப் பன்னிரண்டு நோடு போதும். பழத்தின் சரியான ஓரத்தில் வரையாமல் ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளி வரையுங்கள். ஓரப் பிக்சலில் பழமும் பின்னணியும் கலந்திருக்கும். அதை விட்டுவைத்தால் சிவப்பு லேபிள் மேல் வைக்கும்போது பழத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். வரைந்த பாதையைத் தேர்வாக்கி, 0.5 பிக்சல் ஃபெதர் கொடுத்து மாஸ்க் ஆக்குங்கள். ஃபெதர் என்பது விளிம்பை மெல்லக் கரைப்பது. ஃபெதரே கொடுக்காவிட்டால் பழம் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போலிருக்கும். 3, 4 பிக்சல் கொடுத்தால் பனியில் வைத்தது போலிருக்கும்.

நிழல் தனி லேயரில் இருக்கட்டும். அதை மல்டிப்ளை முறையில் (கீழே உள்ள நிறத்தோடு கலந்து கருமையாக்கும் முறை) வைத்துவிட்டு வெக்டார் கோப்பில் இறக்கினால், பெரும்பாலும் அந்த முறை கோப்புக்கு வெளியே உள்ள நிறத்தோடு கலக்காது; அழுக்குச் சாம்பலாக நிற்கும். முழுக் கறுப்பில் நிழல் வரைந்து, சாதாரண முறையிலேயே ஒபாசிட்டியை (அடர்த்தியை) 30, 40 சதவீதத்துக்குக் குறைத்தால் இந்தத் தொல்லை வராது.

சேமிப்பது பிஎஸ்டி (போட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகை) அல்லது டிஃப். இன்க்ஸ்கேப் என்றால் பிஎன்ஜி. ஜேபெக்குக்கு ஊடுருவித் தெரியும் பின்னணி கிடையாது. பழத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வந்து நிற்கும். தவிர, திறந்து திருத்தி மூடும் ஒவ்வொரு முறையும் ஜேபெக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

வீட்டுக்குள் சேர்த்தல்

வெக்டார் கோப்பில் பக்க அளவு 254க்கு 177.8 மில்லிமீட்டர், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட். பிளீட் என்பது வெட்டுக்கு வெளியே நீளும் நிறம். கட்டிங் மெஷின் அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க. கடைப் பெயரும் விலையும் வெட்டுக் கோட்டிலிருந்து 4, 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

போட்டோவைக் கொண்டுவர இரண்டு வழி. எம்பெட் என்றால் போட்டோ முழுவதும் வெக்டார் கோப்புக்குள் நகலாகும். லிங்க் என்றால் போட்டோ வெளியே தன் ஃபோல்டரில் இருக்கும், வெக்டார் கோப்பு அதன் முகவரியை மட்டும் வைத்திருக்கும். வேலை நடக்கும்வரை லிங்க்தான் சரி. "பழம் இன்னும் கொஞ்சம் பழுத்த மாதிரி வேணும்" என்று வாடிக்கையாளர் சொன்னால், போட்டோஷாப்பில் பிஎஸ்டியைத் திருத்திச் சேமித்தால் போதும். லேபிளிலும் ஃபிளெக்ஸிலும் லிங்கை அப்டேட் செய்ததும் இரண்டிலும் மாறிவிடும். இரண்டு மென்பொருளைச் சேர்ப்பதன் முழு சுகமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிதாக எக்ஸ்போர்ட் செய்து, பழையதை நீக்கி, புதியதை அதே இடத்தில் பொருத்திக்கொண்டிருப்பவர்கள் நாளின் பாதியை இழக்கிறார்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில் பிளேஸ் கொடுக்கும்போது லிங்க் என்ற டிக் இருக்கும். கோரல்டிராவில் சாதாரணமாக இம்போர்ட் செய்தால் எம்பெட் ஆகிவிடும். இம்போர்ட் பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியில் வெளி லிங்காகக் கொண்டுவரும் வழி இருக்கிறது. இன்க்ஸ்கேப் இரண்டில் எது என்று கேட்கும். லிங்கின் ஆபத்தும் தெரிந்திருக்க வேண்டும்: போட்டோ ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, பென்டிரைவில் டிசைனை மட்டும் எடுத்துப் போனாலோ படம் காணாமல் போகும். ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள்ளேயே எல்லாம் என்று முதல் நாளே வைத்துவிட்டால் இந்த விபத்து வராது.

போட்டோவை வைத்ததும் அதைத் தேர்வு செய்து பிபிஐ பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் லிங்க்ஸ் பேனலிலும், கோரல்டிராவில் கீழே ஸ்டேட்டஸ் வரியிலும் காட்டும். இது வைத்திருக்கும் அளவுக்கான உண்மையான பிபிஐ. இழுத்துப் பெரிதாக்கினால் எண் கண்ணெதிரே குறையும்.

போட்டோவை வட்டத்துக்குள்ளோ மாங்காய் வடிவத்துக்குள்ளோ அடைக்க வேண்டுமானால் அதைப் போட்டோ மென்பொருளில் வெட்டி வராதீர்கள். வெக்டார் வடிவத்துக்குள் அடைப்பதற்குக் கோரல்டிராவில் பவர்கிளிப், இல்லஸ்ட்ரேட்டரில் கிளிப்பிங் மாஸ்க். ஓரம் 2400 நுணுக்கத்தில் வெட்டப்படும், போட்டோவை உள்ளே நகர்த்தவும் முடியும்.

இரண்டு சின்ன எச்சரிக்கைகள். வெக்டார் மென்பொருளில் போடும் டிராப் ஷேடோ, பிளர் எல்லாம் உண்மையில் பிக்சல்தான். இல்லஸ்ட்ரேட்டரில் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் அமைப்பு 72இல் இருந்தால் நிழல் கட்டம் கட்டமாக அச்சாகும், 300க்கு மாற்றுங்கள். லேபிளின் கோல பார்டரை ஃபிளெக்ஸுக்குப் பெரிதாக்கும்போது கோட்டின் தடிமனும் கூடவே பெரிதாகும்படி அமைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் பத்து மடங்கு பெரிய கோலத்தில் நூல் போன்ற கோடு ஓடும்.

ஒரே மஞ்சள் ஏன் இரண்டாகத் தெரிகிறது

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலக்கிறது, அதுதான் ஆர்ஜிபி. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையைக் கலக்கிறது, அதுதான் சிஎம்ஒய்கே. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது பளிச்சென்ற நிறங்கள் கொஞ்சம் மங்கும். இது யார் குற்றமுமில்லை. ஒளியால் முடிவதெல்லாம் மையால் முடியாது.

இரண்டு மென்பொருளைச் சேர்ப்பவர்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. பழத்தின் பின்னணியை மஞ்சளாக்கிப் போட்டோஷாப்பில் சேமிப்பார்கள்; லேபிளின் மீதி இடத்தைக் கோரல்டிராவில் அதே மஞ்சளால் நிரப்புவார்கள். திரையில் ஒன்றாகத் தெரியும். அச்சில் பழத்தைச் சுற்றி ஒரு சதுரம் வேறு மஞ்சளாக நிற்கும். வெக்டாரில் கொடுத்த மஞ்சள் மெஜந்தா 20, மஞ்சள் 100 என்று அப்படியே போகிறது. போட்டோவில் இருந்ததோ ஆர்ஜிபியிலிருந்து மாற்றப்பட்டு வேறு எண்களாக வருகிறது. நிறத்தைப் பொருத்த மல்லுக்கட்ட வேண்டாம். தட்டையான நிறம் எதுவும் போட்டோவுக்குள் இருக்கவே கூடாது. பழம் வெறும் பழமாக வரட்டும், மஞ்சள் வெக்டாரில் மட்டும் இருக்கட்டும்.

கறுப்பிலும் இதே கதை. போட்டோஷாப்பில் ஆர்ஜிபி கறுப்பில் எழுத்தடித்து, பல கணினிகளில் இயல்பாக இருக்கும் அமைப்பிலேயே சிஎம்ஒய்கே ஆக்கினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிவிடும். மைக்கு ஒன்றாக நான்கு பிளேட்டும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் அந்த எழுத்து கறுப்பாகத் தெரியும். சற்று விலகினாலும் 'ண', 'ஞ' சுழிகளுக்குள் நீலமும் சிவப்பும் கசியும். முகவரி வரி படிக்கவே முடியாது. வெக்டாரில் கறுப்பு 100, மற்றவை 0 என்று வைத்தால் ஒரே பிளேட், பிசக இடமே இல்லை.

இன்க்ஸ்கேப்பும் கிம்பும் அடிப்படையில் ஆர்ஜிபியில் வேலை செய்பவை. அவற்றில் செய்த லேபிளை ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளில் இறக்கி, எழுத்துக்கும் தட்டை நிறத்துக்கும் அங்கே சிஎம்ஒய்கே எண் கொடுத்துப் பிடிஎஃப் எடுக்கலாம்.

தமிழ் எழுத்து தரும் தொல்லை

போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் தட்டினால் 'கொலுசு' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஃபான்ட் கெட்டுப்போகவில்லை. எழுத்துகளைச் சேர்த்து வரிசைப்படுத்தும் இந்திய மொழி இயந்திரம் அணைந்திருக்கிறது. போட்டோஷாப்பின் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், அந்தத் தேர்வு இருக்கும் பதிப்புகளில் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் அதற்கு மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்று பெயர். இல்லஸ்ட்ரேட்டரில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை இருக்கிறது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே; ஃபான்ட் மட்டும்தான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அச்சகக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் கடைப் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும்.

அச்சகக் கணினியில் எழுத்து மாறாமலிருக்க மருந்து ஒன்றே: அனுப்பும் நகலில் எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்குவது. கோரல்டிராவில் கண்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ். எழுத்து வெறும் வெக்டார் வடிவமாகிவிடும், ஃபான்ட் தேவைப்படாது. ஆனால் அதன் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. கர்வ்ஸ் ஆக்காத மூலத்தைத் தனியாக வைத்திருங்கள்.

எதிர்த் திசை: போட்டோவிலிருந்து வெக்டாருக்கு

"லோகோ விசிட்டிங் கார்டுல இருக்கு, அதையே ஃபிளெக்ஸுக்குப் போட்டுடுங்க" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். இங்கேதான் டிரேஸ் பட்டன் ஆசை காட்டும். டிரேஸ் என்பது பிக்சல் ஓரங்களைப் பின்தொடர்ந்து வளைவாக ஊகிக்கும் வேலை. மங்கிய படத்தில் ஓரமே நிச்சயமில்லாததால், நேரான கோட்டில்கூட நூறு நோடு வைத்து, சுழிகளை உருளைக்கிழங்காக்கிவிடும். ஏற்காட்டுப் பாதைக்கு அடிக்கொரு கல் நட்டது போல.

சின்னத்தைக் கையால் திரும்ப வரைவதுதான் நேர்மையான வழி. போட்டோவைக் கீழ் லேயரில் பூட்டி, பாதி மங்கலாக்கி, அதன் மேல் பென் டூலால் வரையுங்கள். நோடுகளை வளைவின் உச்சிகளில் மட்டும், அதாவது மேல், கீழ், இடது, வலது ஓரங்களில் வையுங்கள். வட்டத்துக்கு நான்கு நோடு போதும் என்பதை நினைவில் வைத்தால் கை தானாக அடங்கும்.

டிரேஸ் அழகாக வேலை செய்யும் இடமும் இருக்கிறது, இரண்டு மென்பொருளும் கைகோப்பது அங்கேதான். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையால் போட்ட கோலத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். போட்டோ மென்பொருளில் லெவல்ஸ் மூலம் தாளின் மங்கலை நீக்கி, திரெஷோல்டு கொடுத்து முழுக் கறுப்பு, முழு வெள்ளை ஆக்கி, தூசுப் பொட்டுகளைத் துடையுங்கள். பிறகு வெக்டார் மென்பொருளில் டிரேஸ் செய்தால் கைக்கோட்டின் உயிர் கெடாமல் வரும். நம் பெட்டியின் பார்டரை இப்படித்தான் செய்ய வேண்டும்; இணையத்தில் எடுத்த கோலத்தைவிட, வீட்டில் ஒருவர் போட்ட கோலம் லேபிளுக்கு ஆயிரம் மடங்கு அழகு.

வாட்ஸ்அப் படத்துக்காக லேபிளைப் பெட்டியின் போட்டோ மேல் ஒட்டிக் காட்ட வேண்டுமென்றால், இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து காப்பி செய்து போட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக ஒட்டுங்கள். வெக்டார் தன் இயல்போடு உள்ளேயே இருக்கும். பெட்டியின் சாய்வுக்கேற்ப எத்தனை முறை திருகினாலும் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்து புதிதாக வரையப்படும். கிம்பில் எஸ்விஜி என்ற வெக்டார் கோப்பைத் திறந்தால் எந்த அளவில் பிக்சலாக்க வேண்டும் என்று கேட்கும். தேவையைவிடச் சற்றுப் பெரிய அளவைக் கொடுங்கள், சுருக்குவதில் நட்டமில்லை.

அனுப்பும் முன்

கர்வ்ஸ் ஆக்கிய நகலிலிருந்து பிளீடோடு பிடிஎஃப் எடுங்கள். அச்சகம் வேறு ஏதும் கேட்காவிட்டால், அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ் வகை. இல்லஸ்ட்ரேட்டரின் அச்சு அமைப்பில், 450 பிபிஐக்கு மேல் இருக்கும் போட்டோக்கள் தானாக 300க்குக் குறையும். நம் பழம் 500இல் இருந்து 300க்கு வந்துவிடும், கவலை வேண்டாம்.

அந்தப் பிடிஎஃப்பை அக்ரோபேட் ரீடரில் திறந்து 6400 சதவீதம் வரை பெரிதாக்கிப் பாருங்கள். மாம்பழத்தின் தோல் சதுரம் சதுரமாகப் பிரியும்; அது அப்படித்தான் பிரிய வேண்டும். அதே பெரிதாக்கலில் கடைப் பெயரின் 'ம'வும் கோல பார்டரும் வழுவழுவென்று நிற்க வேண்டும். எழுத்தும் சதுரமாகப் பிரிந்தால், வழியில் எங்கோ ஓரிடத்தில் அது கட்டமாகியிருக்கிறது. பிளேட்டுக்குப் போகாமல் திரும்பிப் போய் அந்த இடத்தைத் தேடுங்கள்.